பெருக்கினால் போதுமா?

மூன்று சட்டைகளும் இரண்டு கால்சட்டைகளும் உள்ள ஒருவர் எத்தனை விதமாக உடுத்திக்கொள்ளலாம்? ஆறு விதமாக என்று உடனே சொல்லிவிடுவீர்கள். ஒரு கணத்தின் ஒவ்வோர் உறுப்பையும் இன்னொரு கணத்தின் ஒவ்வோர் உறுப்போடும் சோடி சேர்த்தால், சோடிகளின் எண்ணிக்கை இரு கணங்களின் உறுப்பு எண்ணிக்கைகளைப் பெருக்கியதற்குச் சமம். இதுவே பெருக்கல் கொள்கை. கொள்கை சரியானதே. ஆயினும் இதோடு நின்றுவிடும் மாணவர் பாடத்தின் பாதியைத்தான் கற்றவராவார்.

நாகர்கோவிலில் ஒரு சிற்றுண்டிக் கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். புட்டு, ஆப்பம், தோசை ஆகிய மூன்றும் ஒரு கணம். கடலைக்கறி, ஏத்தன்பழம், சம்மந்தி ஆகிய மூன்றும் மற்றொரு கணம். பெருக்கினால் ஒன்பது சோடிகள். ஆனால் புட்டுக்குப் பழம் கேட்பவர் தோசைக்குப் பழம் கேட்பாரா? ஒன்பது என்பது உச்ச வரம்பு. அவற்றுள் எவை ஏற்கப்படும் என்பது அடுத்த கேள்வி. கணிதத்தில், எல்லாச் சோடிகளும் அடங்கிய கணத்தைக் கார்ட்டீசியன் பெருக்கல் என்றும், அதிலிருந்து ஒரு விதிப்படி எடுத்த உட்கணத்தை உறவு என்றும் சொல்கிறோம்.

இந்த இரண்டாவது கேள்வியை ஊன்றி ஆராய்ந்த ஒரு பழந்தமிழ் நூலைக் கணக்கு நோக்கில் மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கம். அது தொல்காப்பியத்தின் எழுத்ததிகாரம். குமரி மாவட்டத்து வாசகர்களுக்கு இந்நூலோடு ஒரு தொடர்பும் உண்டு. இந்நூல் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசான் என்னும் அறிஞர் முன் அரங்கேறியதாக அதன் பாயிரம் கூறுகிறது. அவர் ஊர் இம்மாவட்டத்தின் மேற்குப் பகுதியிலுள்ள அதங்கோடு என்பது வழிவழியாக வரும் கருத்து. தமிழ் வழங்கும் நிலத்தின் எல்லைகளாக வேங்கடத்தையும் குமரியையும் அந்தப் பாயிரமே குறிக்கிறது.

முதலில் நமக்கெல்லாம் தெரிந்த அரிச்சுவடிப் பலகையைப் பாருங்கள். மேல் வரிசையில் உயிர் 12. பக்க வரிசையில் மெய் 18. கட்டங்கள் 12 × 18 = 216. உயிர்மெய் எழுத்து ஒவ்வொன்றும் ஒரு சோடி. அதுவும் வரிசைச் சோடி. க் முன்னும் அ பின்னும் நின்றால் 'க'. இடம் மாறினால் 'அக்' என்று ஆகிவிடும். கார்ட்டீசியன் பெருக்கலுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு நம் வகுப்பறைச் சுவரில் வேறு இல்லை. இருந்தும் நம் கணக்கு வகுப்புகள் சட்டையையும் கால்சட்டையையுமே தேடிப் போவது ஏனோ?

இந்த 216 எழுத்துகளில் எவை ஒரு சொல்லின் முதலில் வரலாம்? தொல்காப்பியர் இதற்கு இரண்டு படிகளில் விடை தருகிறார். முதற்படியில், 18 மெய்களுள் ஒன்பதே முதலாகும் என்கிறார். 9 × 12 = 108 கட்டங்கள் மிஞ்சுகின்றன. இரண்டாம் படியில் ஒவ்வொரு மெய்க்கும் தனி விதி: க, த, ந, ப, ம ஆகிய ஐந்தும் எல்லா உயிரோடும் வரும், அது 60. சகரம் அ, ஐ, ஔ நீங்கலாக ஒன்பதோடு வரும். வகரம் உ, ஊ, ஒ, ஓ நீங்கலாக எட்டோடு வரும். ஞகரத்துக்கு ஆ, எ, ஒ என மூன்று. யகரத்துக்கு ஆ ஒன்றே. கூட்டிப் பாருங்கள்: 60 + 9 + 8 + 3 + 1 = 81. அதாவது 216 கட்டங்களில் சரியாக எட்டில் மூன்று பங்கு. தனி உயிர் 12 சேர்த்தால் 93. குற்றியலுகரத்தையும் சேர்த்தால் 94.

இங்கே பெருக்கலும் கூட்டலும் எங்கெங்கே வருகின்றன என்பதைக் கவனியுங்கள். கட்டுப்பாடு எல்லாருக்கும் ஒன்றாக இருக்கும்வரை பெருக்கலாம். ஆளுக்கொரு கட்டுப்பாடு வந்ததும் தனித்தனியே எண்ணிக் கூட்டவேண்டும். தேர்வில் மாணவர் தடுமாறும் இடமும் இதுவே.

இவ்வாறு எண்ணுவதால் வேறொரு பயனும் உண்டு. சகர விதிக்கு இன்னொரு பாடம் இருப்பதாகச் சிலர் கொள்வர். அதன்படி விலக்கப்படுவது ஔ ஒன்றே. அப்போது 9 என்பது 11 ஆகும். 94 என்பது 96 ஆகும். சங்க இலக்கியத்தில் போரைக் குறிக்கும் 'சமம்' என்னும் சொல் சகர அகரத்தில் தொடங்குவதை நோக்கினால், இந்த ஐயம் எழுவதில் வியப்பில்லை. 13-ஆம் நூற்றாண்டின் நன்னூலில் கணக்கு மேலும் மாறுகிறது. க, ச, த, ந, ப, ம ஆகிய ஆறும் எல்லா உயிரோடும் வரும், அது 72. வகரத்துக்கு 8, யகரத்துக்கு 6, ஞகரத்துக்கு 4, ஙகரத்துக்கு 1. இவற்றோடு உயிர் 12 சேர 103. இரு கணங்களும் அவையே, உறவுதான் வளர்ந்திருக்கிறது. மொழி மாறிய கதையை 94, 103 என்னும் இரண்டு எண்கள் சொல்லிவிடுகின்றன.

இனிப் புணர்ச்சிக்கு வருவோம். நிலைமொழியின் ஈறு ஒரு கணம். தொல்காப்பியர் கணக்கில் அவை 24. வருமொழியின் முதல் மற்றொரு கணம், அவை 22. சோடிகள் 528. வேற்றுமை, அல்வழி என இரண்டாகப் பிரித்தால் 1056. ஒவ்வொன்றுக்கும் ஒரு நூற்பா எழுத முடியுமா? ஞ, ந, ம, ய, வ என்னும் ஐந்தும் உயிர் பன்னிரண்டும் முதலாக வரும்போது வருமொழி இயல்பாக நிற்கும் என்று ஒரு பொதுவிதி கூறுகிறார். 24 × 17 = 408 சோடிகள் ஒரே விதியில் அடங்கிவிடுகின்றன. விலக்குகள் சில பின்னர் வரும். பெரும் சிக்கல் எல்லாம் க, ச, த, ப என்னும் நான்கிடம்தான். அவை 96 சோடிகள். 'வாழை'யோடு 'மரம்' சேர்ந்தால் வாழைமரம். 'காய்' சேர்ந்தால் வாழைக்காய். உயிர்மயங்கியல், புள்ளிமயங்கியல், குற்றியலுகரப் புணரியல் ஆகிய மூன்று இயல்களின் பெரும்பகுதி இந்த 96 பற்றியதே. எங்கே சுருக்குவது, எங்கே விரிப்பது என்று அறிந்து செய்த வேலை இது.

அப்படியானால் சேர்ப்பியலைத் தொல்காப்பியரே கண்டுபிடித்தார் என்று மேடையில் முழங்கலாமா? கூடாது. எழுத்ததிகாரம் இலக்கண நூல். பெருக்கல் கொள்கையை எழுத்துக்கு அப்பாற்பட்ட பொதுவிதியாக அது கூறவில்லை. 81, 528, 408 என்பன நாம் கணக்கிட்டவை. கணக்கு நூல் என்று நோக்கினால் இது குறையே. பண்டை நூலில் இல்லாததை ஏற்றிப் புகழ்வதால் நூலுக்கும் பெருமை இல்லை, மாணவருக்கும் பயன் இல்லை. இத்தகைய முயற்சி நமக்கு மட்டும் உரியதும் அன்று. 8-ஆம் நூற்றாண்டில் பஸ்ரா நகரத்து அறிஞர் அல்-கலீல், அரபு எழுத்துகளைச் சேர்த்து உண்டாகக்கூடிய வேர்களையெல்லாம் எண்ணி, வழக்கில் உள்ளவை, இல்லாதவை என்று பிரித்து அகராதி செய்யத் திட்டமிட்டார். மொழியை ஒழுங்காக ஆராய்ந்தவர்கள் வெவ்வேறு நாடுகளில் இதே கேள்விக்கு வந்திருக்கிறார்கள்.

பாராட்ட வேண்டியது வேறு. கூடும் சோடிகளையும் கூடாச் சோடிகளையும் எழுத்து எழுத்தாகச் சோதித்து, காரணமுள்ள தொகுதிகளாகப் பிரித்த அந்த உழைப்பு அறிவியல் மனப்பான்மையின் அடையாளம். அதைத் தமிழ் வகுப்பில் மனப்பாடத்துக்கும், பெருக்கல் கொள்கையைக் கணக்கு வகுப்பில் சூத்திரத்துக்கும் ஒதுக்கி, நடுவே நாம் ஒரு சுவர் எழுப்பிவிட்டோம். இரு ஆசிரியர்களும் ஒருநாள் ஒரே பலகை முன் நின்றால் அந்தச் சுவர் இடிந்துவிடும்.

மாணவ நண்பர்களே, நீங்கள் இன்றே ஒன்று செய்யலாம். 216 கட்டங்கள் வரைந்து, தொல்காப்பியர் அனுமதித்த 81-ஐ வண்ணமிடுங்கள். பிறகு உங்கள் ஊர்ப்பெயர்களை அதில் வைத்துப் பாருங்கள். தோவாளை, பூதப்பாண்டி, சுசீந்திரம், குளச்சல், மண்டைக்காடு ஆகியவை வண்ணக் கட்டத்தில் விழும். ரீத்தாபுரம் வெளியே நிற்கும். ராஜாக்கமங்கலமும் அப்படியே, ஆனால் அதற்கு முன்னால் ஓர் இகரம் சேர்த்து எழுதும் வழக்கமும் உண்டு. அந்த இகரம் ஏன் வந்தது என்பதை உங்கள் கட்டமே சொல்லும்.