ஒரே வேகன்-ஆர், இரண்டு சாலைகள்

பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து வாரந்தோறும் பெங்களூருக்குப் போய்வருகிறவரும், யாழ்ப்பாணத்திலிருந்து அடிக்கடி கொழும்புக்குப் போய்வருகிறவரும் கார் வாங்கப் போனால் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும்? கேள்வியில் தவறில்லை. ஆனால் செலவுக் கணக்கில் அது மூன்றாவதாக வர வேண்டியது. வாங்கிய விலைக்கும் விற்கப்போகும் விலைக்கும் நடுவே கரைந்துபோகும் பணம் முதலாவது. எந்த வேகத்தில் ஓட்டப்போகிறோம் என்பது இரண்டாவது. இலங்கையில் அந்த முதல் செலவு பல ஆண்டுகள் இல்லாமலே இருந்தது. அதனால் மைலேஜை மட்டும் பார்த்து வாங்கியவர் அங்கே பிழைத்துக்கொண்டார். அதே கண்ணோடு தருமபுரி மாவட்டத்தில் கார் பார்க்கிறவர் சிக்கனம் என்ற பெயரில் பணத்தை இழக்கிறார்.

இலங்கையில் கார் விலையை ஆட்டிவைப்பது இறக்குமதி வரி. அந்த வரி பெரும்பாலும் எஞ்சினின் கன அளவை, அதாவது சிசியைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறது. 660 சிசி ஜப்பானிய வேகன்-ஆர், ஆயிரம் சிசி விட்ஸ், வரிச் சலுகைக் காலத்தில் வந்திறங்கிய ஹைபிரிட் அக்வா ஆகியவை அங்கே தெருவெல்லாம் ஓடுவதற்கு ரசனை காரணமல்ல, வரி அட்டவணை காரணம். 2020 மார்ச்சில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு மறுபடியும் கதவு திறந்தது 2025 பிப்ரவரியில். இடைப்பட்ட ஐந்தாண்டில் புதிய வரவு இல்லாததால் பழைய கார்களின் விலை இறங்கவில்லை, ஏறியது. வாங்கிய விலைக்கு மேல் விற்றவர்கள் ஏராளம். கார் அங்கே ஒரு வகைச் சேமிப்பாகவே ஆகிவிட்டது. 2022 ஜூலையில் கியூஆர் அட்டை வைத்து எரிபொருளைப் பங்கிட்டபோது காருக்கு வாரம் 20 லிட்டர்தான் கிடைத்தது. யாழ்ப்பாணம்–கொழும்பு ஒரு வழியே ஏறத்தாழ 400 கிலோமீட்டர். அந்த 20 லிட்டரில் போய்த் திரும்ப வேண்டுமானால் லிட்டருக்கு 40 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டி வேண்டும், அப்படி ஒன்று கிடையாது. மைலேஜ் மீது அவர்கள் காட்டும் பக்தியைக் கஞ்சத்தனம் என்று யாராவது சொன்னால் அந்த வரிசையில் நின்று பார்க்காதவர் என்று பொருள்.

இங்கே கதை வேறு. இந்தியாவின் வரி எஞ்சினோடு சேர்த்து நீளத்தையும் அளக்கிறது. 2006 பட்ஜெட்டில் நான்கு மீட்டருக்கு உட்பட்ட, 1200 சிசிக்கு மேற்படாத பெட்ரோல் கார்களுக்கு உற்பத்தி வரி குறைந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் அதே வகைக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், அதற்கு மேற்பட்ட பெட்ரோல் கார்களுக்கு 40 சதவீதம். ஆகவே சிறிய கார் இங்கே மலிவுதான். ஆனால் உள்நாட்டிலேயே தயாராகி வந்துகொண்டே இருப்பதால் பழைய காரின் மதிப்பு மளமளவென்று சரிகிறது. ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடுவோம். எட்டு லட்சத்துக்கு வாங்கிய காரை ஐந்தாண்டு கழித்து நான்கு லட்சத்துக்குக் கொடுத்தால் ஆண்டுக்கு 80,000 ரூபாய் ஆவியாகிறது. மூன்றாண்டு ஓடிய அதே ரகக் காரை ஐந்தரை லட்சத்துக்கு வாங்கி, ஐந்தாண்டு ஓட்டி, மூன்று லட்சத்துக்குக் கொடுத்தால் ஆண்டுக்கு 50,000. வித்தியாசம் 30,000. இப்போது மைலேஜைப் பாருங்கள். ஆண்டுக்கு 20,000 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு லிட்டருக்கு 18 கொடுக்கும் வண்டிக்கும் 22 கொடுக்கும் வண்டிக்கும் இடையே சுமார் 200 லிட்டர்தான் வேறுபாடு. பெட்ரோல் நூறு ரூபாய் என்று வைத்தால் 20,000 ரூபாய். அந்த நான்கு கிலோமீட்டருக்காக இரண்டு லட்சம் கூடுதலாகக் கொடுத்து ஹைபிரிட் வாங்குகிறவர் முதலை மீட்கப் பத்தாண்டு காத்திருக்க வேண்டும்.

வேகத்துக்கு வருவோம். அதிவேகப் பாதைகளை விட்டால் இலங்கைச் சாலைகளில் காருக்குப் பொது வேக வரம்பு மணிக்கு 70 கிலோமீட்டர். வவுனியா, கிளிநொச்சி வழியாகப் போகும் ஏ-9 சாலையும் அதற்குள்தான். நம் பக்கம் தருமபுரியைத் தாண்டி 44-ஆம் எண் நான்கு வழிச் சாலையில் ஏறினால் கார்கள் சாதாரணமாக நூறைத் தொடுகின்றன. 70-இலிருந்து 100-க்குப் போகும்போது வேகம் ஒன்றரை மடங்குகூட ஆகவில்லை, ஆனால் காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறுவதால் இரண்டு மடங்காகிறது. உயரமாக, பெட்டி போலிருக்கும் காருக்கு இந்த அடி கூடுதலாக விழும். வேகன்-ஆர் இரண்டு நாட்டிலும் உண்டு. அங்கே ஓடுவது 660 சிசி ஜப்பானிய வண்டி, இங்கே ஓடுவது ஒரு லிட்டர் அல்லது 1.2 லிட்டர் எஞ்சின் கொண்ட இந்திய வண்டி. ஏ-9இல் 65-இல் போகும் குட்டி வேகன்-ஆர் கெட்டிக்காரத் தேர்வு. அதையே கிருஷ்ணகிரி சாலையில் நூறில் விரட்டினால் எஞ்சின் அலறும், மைலேஜ் சரியும். ஹைபிரிட்டின் விஷயமும் இதுவே. பிரேக் பிடிக்கும்போது வீணாகும் ஆற்றலை பேட்டரியில் சேர்த்துத் திருப்பிக் கொடுப்பதுதான் அதன் வித்தை. 2011 கடைசியில் ஜப்பானில் வந்த அக்வாவுக்கு அந்நாட்டுச் சோதனை கொடுத்த லிட்டருக்கு 35.4 கிலோமீட்டர் என்ற எண், நின்று நின்று போகும் நகர ஓட்டத்தில்தான் ஓரளவு உண்மையாகும். வெறிச்சோடிய சாலையில் ஒரே சீராக ஓடும்போது பிரேக்குக்கே வேலையில்லை, பேட்டரிக்கு மட்டும் எங்கிருந்து வரும்? கொழும்புக்குள் ஓட்டுகிறவருக்கு அக்வா லாபம். மாத்தறைக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் தெற்கு அதிவேகப் பாதையில் பறக்கிறவருக்கு அந்த லாபம் பாதிகூடத் தேறாது.

ஆகவே பாப்பிரெட்டிப்பட்டிக்காரருக்குப் பொருந்துவது நான்கு மீட்டருக்குள் அடங்கும், தாழ்வான, 1.2 லிட்டர் பெட்ரோல் செடான். டிசையர், டிகோர், அமேஸ் போன்றவை. வரி குறைவு, காற்றைக் கிழிக்கும் வடிவு, மூட்டை முடிச்சுக்கு டிக்கி. சேலம் போகும்போது மஞ்சவாடி கணவாய் ஏற்றத்தில் நான்கு பேரோடு ஏற 1.2 லிட்டர் வேண்டும், அதற்குக் கீழே இறங்கினால் இரண்டாம் கியரிலேயே சிக்கனம் தீர்ந்துவிடும். அதையும் மூன்று நான்கு ஆண்டு ஓடியதாக வாங்குவதே அறிவு.

உடனே இரண்டு மறுப்புகள் எழும், இரண்டும் நியாயமானவை. மலிவான சின்ன காரில் நெடுஞ்சாலையில் போவது உயிரோடு விளையாடுவதல்லவா என்பது ஒன்று. மாவட்டத்தின் தெற்கு வாசலான தொப்பூர் கணவாயில், இறக்கத்தில் பிரேக் பிடிக்காத லாரிகள் என்ன செய்கின்றன என்று தெரிந்தவர்கள் இதைக் கேட்காமல் இருக்க முடியாது. ஆனால் இந்தக் கேள்விக்கு விடை விலையில் இல்லை, தயாரிப்பு ஆண்டில் இருக்கிறது. எல்லாக் கார்களுக்கும் ஏபிஎஸ் கட்டாயமானது 2019 ஏப்ரலில். முன்வரிசையில் இருவருக்கும் காற்றுப்பை கட்டாயமானது 2021 முடியும் தறுவாயில். எனவே 2022-க்கு முந்தைய வண்டியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் நெடுஞ்சாலைக்கென்று வாங்க வேண்டாம். மோதல் சோதனை மதிப்பெண்ணையும் பார்க்க வேண்டும். டியாகோவும் டிகோரும் 2020-இல் குளோபல் என்கேப்பில் நான்கு நட்சத்திரம் வாங்கின. இந்திய வேகன்-ஆருக்கு 2023-இல் கிடைத்தது ஒன்று. 2024 நவம்பரில் வந்த புதிய டிசையர் ஐந்து வாங்கியது, அந்தப் பெருமையை அதற்கு முந்தைய டிசையரின் தலையில் ஏற்றிப் பேசும் தரகர்களிடம் கவனமாக இருக்க வேண்டும்.

பழைய கார் என்றாலே மீட்டரைக் குறைத்து வைத்திருப்பார்கள், விபத்தில் அடிபட்டதைப் பெயின்ட் அடித்துக் கொடுப்பார்கள் என்பது இரண்டாவது மறுப்பு. இதில் இலங்கையிடம் நாம் கற்க வேண்டியது இருக்கிறது. ஜப்பானிய ஏலக் கூடத்தில் ஒவ்வொரு காருக்கும் ஒரு தாள் எழுதுவார்கள். உடலில் எங்கே கீறல், எந்தக் கதவு மாற்றியது, ஓடிய தூரம், தர எண் எல்லாம் அதில் இருக்கும். விவரமான இலங்கை வாடிக்கையாளர் கையைக் கொடுப்பதற்குமுன் அந்தத் தாளைக் கேட்கிறார். மோசடித் தாள்களும் உண்டு என்பது வேறு விஷயம். நமக்கு அப்படி ஒரே தாள் கிடையாது. ஆனால் கம்பெனி ஒர்க்‌ஷாப்பின் சர்வீஸ் பதிவு, இன்சூரன்ஸ் க்ளைம் விவரம், டயரில் பொறித்திருக்கும் தயாரிப்பு வாரம் ஆகிய மூன்றையும் சேர்த்து வைத்தால் பொய் சொல்லும் மீட்டர் மாட்டிக்கொள்ளும். பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடியதாகச் சொல்லும் வண்டியில் இரண்டாம் ஜோடி டயர் ஏன் என்று கேட்டாலே போதும்.

எரிபொருளில் சிஎன்ஜி கவர்ச்சியானது. புதிய டிசையர் பெட்ரோலில் லிட்டருக்கு 24.79, சிஎன்ஜியில் கிலோவுக்கு 33.73 என்று சான்று சொல்கிறது. ஆனால் சிலிண்டர் டிக்கியை விழுங்கிவிடும், கேஸ் நிரப்ப வரிசையில் நிற்க வேண்டும். ஆண்டுக்கு 25,000 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுகிறவர் அதைப் பொறுத்துக்கொள்ளலாம். டீசலின் காலம் போய்விட்டது. 2014 அக்டோபரில் விலைக் கட்டுப்பாடு நீங்கியதிலிருந்து பெட்ரோலுக்கும் அதற்குமான இடைவெளி சுருங்கியது, 2020 ஏப்ரலோடு மாருதியே டீசலைக் கைகழுவியது. இருபது சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் மைலேஜைக் குடிக்கிறது என்ற புலம்பலிலும் உண்மை உண்டு. நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே பழைய வகைக் கார்களுக்கு ஆறேழு சதவீத இழப்பைக் கணக்கிட்டது. புதுப் பெட்ரோலுக்கென்றே தயாரான வண்டிகளில் இழப்பு குறைவு. 2022-க்குப் பிந்தைய வண்டிகளிலும் கூடுமானவரை புதியதையே தேடச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

சுங்கச்சாவடிச் செலவு ஏ-9இல் இல்லை, இங்கே உண்டு. 2025 ஆகஸ்ட் 15-இல் 3,000 ரூபாய்க்கு 200 முறை கடக்கும் ஆண்டு பாஸ் வந்தது. அந்த விலையில் ஒருமுறைக்கு 15 ரூபாய். வாரம் ஒருமுறை, போக வர இரண்டிரண்டு சாவடி என்றால் ஓராண்டுக்குள் 200 தீர்ந்துவிடும், ஆனாலும் மிச்சம் கணிசம். தனியாகச் சென்னை போகிறவருக்கு இந்தக் கணக்கு எதுவுமே வேண்டாம், அருகிலுள்ள பொம்மிடியில் ரயில் நிற்கிறது. மூன்று நான்கு பேர் சேர்ந்து போகும்போதுதான் கார் சிக்கனம்.

இலங்கையில் இறக்குமதி திறந்த பிறகு வந்திறங்கும் வண்டிகளுக்கு வரி கடுமையாகவே இருக்கிறது. ஆனால் ஆண்டுதோறும் புதியவை வரத் தொடங்கினால் பழையவற்றின் விலை இறங்கியே தீரும். நெருக்கடிக் காலத்து உச்ச விலையில் லீசிங் எடுத்து, பத்தாண்டுப் பழைய பேட்டரியோடு அக்வா வாங்கியவருக்கு அதுவரை கண்ணில் படாத தேய்மானம் இனிமேல் தவணையோடு சேர்ந்து வரும்.