குழப்படியும் ரவுடித்தனமும்

மன்னார்த் தீவின் கரையோரக் கிராமமொன்றில் மீன்பிடித் தொழிலாளியின் மகன் வகுப்பறை மேசையைக் கவிழ்த்தால், அவன் ‘ரவுடி’. உத்தியோகத்தரின் மகன் அதே மேசையைக் கவிழ்த்தால், அவன் ‘குழப்படிகாரன்’. ஆசிரியர் அறைகளில் இவ்விரு சொற்களையும் நாம் கேட்டிருக்கிறோம். நாமே சொல்லியும் இருக்கிறோம். செயல் ஒன்று, பெயர் இரண்டு. இவ்வேற்றுமை எங்கிருந்து வந்தது?

‘குழப்படி’ நம் வீட்டுச் சொல். அதில் கண்டிப்பு உண்டு; பிள்ளை திருந்துவான் என்ற நம்பிக்கையும் உண்டு. ‘ரவுடி’யோ ஆங்கிலக் கொச்சை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அமெரிக்காவின் காட்டுப்புற மக்களுள் முரடர் எனப்பட்டோரைக் குறித்து அது வழங்கலாயிற்று. 1898 இல் லண்டன் பத்திரிகைகள், ஏழைத் தெருக்களின் இளைஞர்க்கு ‘ஹூலிகன்’ என்று பெயர் சூட்டின. அச்சொல்லில் ஐரிஷ் குடும்பப் பெயரொன்றின் சாயல் இருந்தது தற்செயலன்று. இப்பெயர்களைச் சூட்டியவர்கள் மேலே இருந்தார்கள். சூட்டப்பட்டவர்கள் கீழே இருந்தார்கள்.

இலங்கையில் இப்பார்வைக்குச் சட்டத்தின் துணையும் கிடைத்தது. 1841 இல் பிரித்தானிய ஆட்சி இயற்றிய அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம், தெருவில் ஒழுங்கீனமாக நடப்போரையும் பிச்சையெடுப்போரையும் ஒரே ஏட்டில் சேர்த்து வைத்தது. வறுமையும் குற்றமும் அங்கே அண்டை வீட்டாராயின.

அங்ஙனமாயின் ரவுடித்தனமே இல்லையா? உண்டு. கடைக்காரரிடம் கப்பம் பறிப்பவனுக்கும், வீதியில் பெண்களை அச்சுறுத்துபவனுக்கும் நாம் வக்காலத்து வாங்க முன்வரவில்லை. ஆனால் அச்சொல் ஆளைக் காட்டுகிறதேயன்றி, ஆளை ஏவியவனைக் காட்டுவதில்லை. 1983 யூலையில் கொழும்பில் தமிழர் வீடுகளை எரித்தவர்களைக் ‘காடையர்’ என்று எழுதினோம். அவர்களுட் சிலர் கையில் வாக்காளர் இடாப்பு இருந்தது. வெறும் காடையர்க்கு அந்த இடாப்பு எங்கிருந்து கிடைத்தது? நாம் கேட்க வேண்டிய அக்கேள்வியைச் சொல் விழுங்கிவிட்டது.

அந்நியச் சொல் என்பதற்காக ‘ரவுடி’யை நாடு கடத்தும்படி நாம் கோரவில்லை, ‘காடையர்’ தமிழ்ச் சொல்லாக இருந்தும் அதே பிழையைச் செய்தது. செயலைச் செயலின் பெயரால் அழைப்போம்: அடித்தான், பறித்தான், எரித்தான். பின்னர் ஏன் என்றும், யார் ஏவினார் என்றும் கேட்போம்.

மேசையைக் கவிழ்த்த சிறுவனிடமிருந்தே அதைத் தொடங்கலாம். அவன் காலையில் உண்டுதான் வந்தானா?