கனத்த ரிஃபும் காலாட வைக்கும் தாளமும்

ஆடியோஸ்லேவ் ராக் குழுவைப் பற்றிப் பேச்செடுத்தால் எல்லோரும் 2002-இல் வந்த முதல் ஆல்பத்தைத்தான் சொல்வார்கள். ‘கோச்சைஸ்’, ‘லைக் எ ஸ்டோன்’ இரண்டும் அதில்தான் இருக்கின்றன, சொல்லட்டும். ஆனால் என்னைக் கேட்டால், அந்த நால்வரும் சேர்ந்து தொட்ட உச்சம் 2006 செப்டம்பரில் வந்த மூன்றாவது ஆல்பமான ‘ரெவலேஷன்ஸ்’தான். எத்தனை வருடமாகக் கேட்கிறேன்! இன்றைக்கும் ‘ஒன் அண்ட் தி சேம்’ ஆரம்பித்தால் என் கால் சும்மா இருப்பதில்லை.

பாடியவர் கிறிஸ் கார்னெல், சியாட்டிலின் சவுண்ட்கார்டன் குழுவில் இருந்தவர். கிதார் டாம் மொரெல்லோ, பேஸ் டிம் காமர்ஃபோர்ட், டிரம்ஸ் பிராட் வில்க். மூவரும் லாஸ் ஏஞ்சலஸின் ரேஜ் அகெய்ன்ஸ்ட் தி மெஷின் குழுவின் ஆட்கள். 2000-இல் ரேஜின் பாடகர் ஸாக் டி லா ரோச்சா விலகிக்கொள்ள, தயாரிப்பாளர் ரிக் ரூபின் சொன்ன யோசனையில் கார்னெல் உள்ளே வந்தார். பெரிய பெயர்கள் ஒன்றுசேரும் சூப்பர்குரூப் என்றாலே எனக்குக் கொஞ்சம் பயம் உண்டு, ஆளுக்கொரு பக்கம் இழுப்பார்களே என்று. முதல் ஆல்பத்தில் ஒட்டுப்போட்ட தையல் தெரியத்தான் செய்தது: வாசிப்பு ரேஜ், குரல் சவுண்ட்கார்டன். ‘ரெவலேஷன்ஸ்’ கேட்கும்போது தையலைத் தேடினாலும் கிடைக்காது. இவர்களை ஒரே குழுவாக்கியது ஃபங்க்கும் சோலும்தான் என்பது என் தீர்மானமான எண்ணம்.

யோசித்துப் பார்த்தால் அது இயல்பாக நடந்திருக்கிறது. ரேஜின் இசை வெளியே எவ்வளவு ஆவேசமாக இருந்தாலும் அடியில் ஓடியது ஃபங்க்தான். ராக்கில் பொதுவாக இரண்டாவது, நான்காவது அடிகளில் ஸ்னேர் டிரம் ஓங்கி விழும். ஜேம்ஸ் பிரவுன் வகுத்த ஃபங்க்கிலோ முதல் அடிதான் ராஜா. அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மிச்ச இடங்களில் வாத்தியங்கள் ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு விளையாடும். அந்த இடைவெளியில்தான் உடம்பு ஆடுகிறது. காமர்ஃபோர்டுக்கும் வில்க்குக்கும் இது பல வருடப் பழக்கம். கார்னெலின் தொண்டையில் சோல் எப்போதும் இருந்தது; சவுண்ட்கார்டனின் கிரஞ்ச் ராக் காலத்துக் கனத்த கிதார்களுக்கு அடியில் அது மறைந்து கிடந்தது, அவ்வளவுதான். இந்த ஆல்பத்தை ராக் குழுவான லெட் செப்பெலினும் ஃபங்க் குழுவான எர்த், விண்ட் அண்ட் ஃபயரும் சந்தித்துக்கொண்டது போன்றது என்று மொரெல்லோ வர்ணித்தார். மிகையே இல்லை, அப்படியேதான் ஒலிக்கிறது.

தயாரிப்பாளர் பிரெண்டன் ஓ’பிரையனுக்கும் ஒரு கும்பிடு போட வேண்டும். ரேஜின் இரண்டு ஆல்பங்களைத் தயாரித்தவர், சவுண்ட்கார்டனின் ‘சூப்பர்அன்னோன்’ ஆல்பத்தை மிக்ஸ் செய்தவர். இரண்டு வீட்டுச் சமாசாரமும் தெரிந்த சம்பந்தி மாதிரி அமைந்துவிட்டார். சத்தத்தைக் குவித்து வைக்காமல், ஒவ்வொரு வாத்தியத்துக்கும் மூச்சுவிட இடம் கொடுத்திருக்கிறார். ஃபங்க்குக்கு அது இல்லாமல் ஆகாது.

முதல் பாடலான ‘ரெவலேஷன்ஸ்’ அமைதியான கிதாரில் தொடங்கி, சட்டென்று ரிஃபுக்குள் பாய்கிறது. ‘ஒரிஜினல் ஃபயர்’ மோட்டவுன் சோல் பாடல்களின் துள்ளலை எடுத்துக்கொண்டு ராக்கின் பலத்தோடு ஓடுகிறது. என் தங்கைக்கு ராக் என்றாலே ஆகாது. இது ஓடும்போது சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, “யாருண்ணா பாடுறது? இன்னொரு தடவை போடு” என்றாள். ‘ப்ரோக்கன் சிட்டி’யில் பேஸ்தான் பாட்டை நடத்திக்கொண்டு போகிறது. ‘ஜுவல் ஆஃப் தி சம்மர்டைம்’ முழுக்க ஒரு மிடுக்கு, அதில் கார்னெல் உச்சத்துக்குப் போகிற இடம் ஒவ்வொன்றும் எனக்குப் புல்லரிக்கும்.

மொரெல்லோவைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். கிதாரில் ஒரு பிக்அப்பின் வால்யூமை முழுக்கக் குறைத்துவிட்டு, மற்றொன்றை முழுக்க ஏற்றி வைத்து, நடுவிலுள்ள டாகிள் ஸ்விட்சைத் தட்டித் தட்டியே ஒலியை வெட்டுவார் மனிதர். டி.ஜே. இசைத்தட்டைத் தேய்ப்பது போலக் கேட்கும்; கீபோர்டும் கிடையாது, சாம்ப்ளரும் கிடையாது, எல்லாம் கிதார். அதோடு, ரிதம் வாசிக்கும்போது அவருடைய வலது கை டிரம்ஸோடு எவ்வளவு கச்சிதமாகப் பூட்டிக்கொள்கிறது என்று கவனியுங்கள். சோலோவைவிட எனக்கு அதுதான் பெரிய வித்தை.

ஆனால் ஒரே ஒரு பாடலைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் ‘வைட் அவேக்’ என்பேன். 2005 ஆகஸ்ட்டில் கத்ரீனா புயல் தாக்கி, கரைகள் உடைந்து நியூ ஆர்லியன்ஸ் நகரம் மூழ்கியது. கூரை மேல் ஏறி நின்ற மக்களுக்கு உதவி வந்து சேரவே நாட்கள் ஆயின. அந்தக் கையாலாகாத்தனத்தின் மீதான கோபம்தான் பாடல். கார்னெல் எடுத்த எடுப்பில் கத்துவதில்லை. அடக்கி, வலியோடு ஆரம்பித்து, சுருதி ஏற ஏறக் குரலின் ஓரங்கள் கிழிய, கடைசியில் முழுத் தொண்டையையும் திறக்கிறார். சோல் பாடகர்கள் காலங்காலமாகச் செய்துவரும் காரியம் இது, ராக் குழுவின் நடுவே நின்று செய்திருக்கிறார். இயக்குநர் மைக்கேல் மான் இதையும் ‘ஷேப் ஆஃப் திங்ஸ் டு கம்’ பாடலையும் தம் ‘மயாமி வைஸ்’ படத்தில் வைத்துக்கொண்டார். ரசிகர் அவர்!

பில்போர்டு பட்டியலில் ஆல்பம் இரண்டாம் இடத்தில் நுழைந்தது. இதற்கென்று ஒரு சுற்றுப்பயணம்கூட நடக்கவில்லை. 2007 பிப்ரவரியில் கார்னெல் குழுவை விட்டு விலகினார். 2017 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸில் ஓரிரவு மட்டும் நால்வரும் மீண்டும் மேடையேறி மூன்று பாடல்கள் வாசித்தார்கள், மூன்றும் முதல் ஆல்பத்திலிருந்து. அதே ஆண்டு மே மாதம் கார்னெல் காலமானார். இந்தப் பாட்டுகளை மேடையில் கேட்க முடியாமலே போய்விட்டதே என்ற ஆதங்கம் எனக்குத் தீரவே தீராது.

இதுவரை கேட்காதவர்கள் தயவுசெய்து இந்த வாரமே கேட்டுவிடுங்கள். மொபைல் ஸ்பீக்கரில் மட்டும் வேண்டாம், பேஸ் காதில் விழாவிட்டால் பாதி ஆல்பம் போயிற்று. நல்ல ஹெட்ஃபோனாகப் பார்த்து மாட்டிக்கொண்டு, 12 பாடல்களையும் வரிசை மாற்றாமல், ‘மாத்’ முடியும்வரை கேளுங்கள்.