நிற்காத வண்டிக்கு யார் காசு?

அரியலூர் ஸ்டேஷனில் ஒரு மாலை. நான் ஏறியிருந்த, திருச்சி போகும் பாசஞ்சரை லூப் லைனில் ஓரங்கட்டிப் போட்டிருந்தார்கள். எழும்பூரிலிருந்து நெல்லை போகிற வந்தே பாரத் முதலில் போகவேண்டுமாம். அது கடந்தபோது பெஞ்சில் படிந்திருந்த சிமெண்டுத் தூசி கிளம்பி முகத்தில் அடித்தது. காலி டீ கப் ஒன்று பிளாட்பாரத்தின் கோடிவரை உருண்டு போனது. எதிர் சீட்டில் வெங்காயப் பையோடு இருந்த அம்மாள் கேட்டார்: “இது எங்க நிக்கும் தம்பி?”

“விழுப்புரம் விட்டா திருச்சிதான்க்கா.”

“அப்ப நமக்குக் காத்து மட்டுந்தான்” என்றார்.

அதிவேக ரயிலுக்குப் பொதுப்பணத்தைக் கொட்டலாமா என்ற கேள்வியை நான் அந்த லூப் லைனில் இருந்துதான் பார்க்கிறேன். வந்தே பாரத்தை அதிவேக ரயில் என்று சொல்வதே கொஞ்சம் தாராளம். சென்னையிலிருந்து நெல்லைக்குச் சுமார் 650 கிலோமீட்டர். ஏறத்தாழ எட்டு மணி நேரம். சராசரி போட்டால் மணிக்கு எண்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல்தான் வருகிறது. நிஜமான அதிவேக ரயில் என்று நம் நாட்டில் கட்டுவது மும்பை–அகமதாபாத் தடம் ஒன்றைத்தான்: 508 கிலோமீட்டர், 320 கிலோமீட்டர் வேகம், தொடக்கத்தில் ஒப்புதலான மதிப்பீடு 1,08,000 கோடி ரூபாய். கிலோமீட்டருக்கு இருநூறு கோடிக்கு மேல்.

இந்தக் கணக்கைக் கேட்டதும் “அந்தக் காசில் எத்தனை பாசஞ்சர் விடலாம்!” என்று வாய் துறுதுறுக்கும். அவசரப்படக் கூடாது. செலவில் ஐந்தில் நான்கு பங்கு ஜப்பான் கொடுக்கும் கடன். வட்டி 0.1 சதவீதம், தவணை 50 ஆண்டு, முதல் 15 ஆண்டு அசல் கட்ட வேண்டாம். இந்தத் திட்டத்துக்கென்றே தருகிற கடன் அது. வாங்கிக்கொண்டு வந்து அரியலூருக்குப் பெட்டி வாங்க முடியாது. ஆதரிப்பவர்களின் இந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் கடன் யென்னில் இருக்கிறது. ரூபாய் சரியச் சரிய, வட்டியில் மிச்சம் பிடித்தது அசலில் கரையும். 2017 செப்டம்பரில் அடிக்கல் நாட்டி, 2022க்குள் ஓட்டிவிடுவதாகப் பேசினார்கள். அந்த ஆண்டு போயே போய்விட்டது. தாமதத்தின் விலையை எந்த ஜப்பானியக் கடனும் தள்ளுபடி செய்யாது.

எதிர்ப்பவர்கள் அதிகம் கவனிக்காத ஒரு பலன் உண்டு. 1964இல் ஜப்பான் டோக்கியோ–ஒசாகா தடத்தைத் திறந்தபோது, அதற்கு உலக வங்கிக் கடனும் வாங்கியிருந்தது. பழைய பாதை அப்போது நெரிசலில் திணறிக்கொண்டிருந்தது. விரைவு வண்டிகள் புதுப்பாதைக்கு மாறவும், பழைய பாதையில் சரக்குக்கும் உள்ளூர் வண்டிக்கும் இடம் கிடைத்தது. புதுப்பாதையிலும் எல்லா ஸ்டேஷனிலும் நிற்கிற வண்டி ஒன்று ஓடுகிறது. அரியலூர் வழியாகப் போகும் நம் விழுப்புரம்–திருச்சி கார்டு லைனுக்கும் அதே நோய்தான். சிமெண்டு, சுண்ணாம்புக்கல் என்று சரக்கு ஒரு பக்கம், பல்லவன், வைகை போன்ற விரைவு வண்டிகள் ஒரு பக்கம். தனிப்பாதை வந்தால் பாசஞ்சருக்கு மூச்சு விட இடம் கிடைக்கும். நாம் செய்ததோ தலைகீழ். தனிப்பாதை போடாமல், இருக்கிற தண்டவாளத்திலேயே வேக வண்டியை ஏற்றினோம். ஆக மெதுவான வண்டி காத்திருக்கிறது. வேக வண்டியும் முழு வேகத்தில் போக முடியவில்லை.

பெரம்பலூர்க்காரரிடம் இதைச் சொன்னால் சிரிப்பார். 1995இல் மாவட்டமான ஊர். மாவட்டத் தலைநகரில் ரயில் நிலையமே கிடையாது. அரியலூரிலிருந்து பெரம்பலூர், துறையூர் வழியாக நாமக்கல்லுக்குப் பாதை வேண்டும் என்பது தேர்தலுக்குத் தேர்தல் தூசி தட்டப்படும் கோரிக்கை. நாளைக்கே சென்னை–திருச்சி புல்லட் ரயில் வந்தாலும், சென்னை போகவேண்டிய பெரம்பலூர்க்காரர் முதலில் தெற்கே ஐம்பது, அறுபது கிலோமீட்டர் பஸ்ஸில் போய்த்தான் ஏற வேண்டும். நாலு ரோட்டில் நின்று சென்னை பஸ்ஸையே பிடித்துவிடுவார்.

2025 பட்ஜெட்டில் தமிழக அரசு அறிவித்த 160 கிலோமீட்டர் வேக மித அதிவேகத் தடங்கள் எனக்குப் புல்லட் ரயிலைவிடப் பிடிக்கின்றன. வேகம் பாதிதான், ஆனால் செங்கல்பட்டு, திண்டிவனம் போன்ற ஊர்களை விட்டுத் தாண்டிப் போகாத யோசனை. அறிவித்தபோது சாத்தியக்கூறு ஆய்வு அளவில்தான் இருந்தது. அதிலும் சென்னையிலிருந்து தெற்கே வரும் தடம் விழுப்புரத்தோடு நின்றுவிடுகிறது என்பது நம் ஊர் ராசி.

வேகத்துக்கு முன்னால் பதில் சொல்ல வேண்டிய இன்னொரு செலவு உண்டு: பாதுகாப்பு. பாசஞ்சர் ஒருவழியாகக் கிளம்பியது. அரியலூர் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் மருதையாறு. 1956 நவம்பர் 23 விடியற்காலை வெள்ளத்தில் பாலம் நிலைகுலைந்து, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் இங்கேதான் ஆற்றில் கவிழ்ந்தது. சுமார் 150 பேர் போனார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். அன்றைக்கு அந்த வண்டிக்கு வேகம் போதாமல் இல்லை, பாலம்தான் போதவில்லை.

பாலத்தின் மேல் வண்டி தடதடவென்று மெதுவாகப் போனது. அந்த அம்மாள் பையைத் தலைக்கு ஏற்றத் தோதாக வாய்க்கட்டை இறுக்கிக்கொண்டிருந்தார். கல்லகத்தில் நின்றது, இறங்கிவிட்டார்.