கட்டானா 50-இல் ஜாஸ் நாதம்

ஜாஸ் சங்கீதத்தைக் கிதாரில் பயில்கிறவர்களிடையே ஓர் அபிப்பிராயம் நெடுங்காலமாக வேரூன்றியிருக்கிறது. கண்ணாடி வால்வுகள் செந்நிறமாய் ஒளிரும் பழைய ஆம்ப்ளிஃபயர் இருந்தாலன்றி நல்ல நாதம் வாய்க்காது என்பதும், டிரான்ஸிஸ்டரால் இயங்கும் மலிவான பெட்டிகள், அவற்றிலும் சிறப்பாகப் பிற ஆம்ப்களின் குரலைக் கணிதத்தால் உருவாக்கிக் காட்டும் ‘மாடலிங்’ பெட்டிகள், ராக் இசையில் மோகம் கொண்ட இளைஞர்களுக்கே உரியவை என்பதும் அந்த அபிப்பிராயத்தின் சாரம். அத்தகைய மாடலிங் பெட்டியாகப் பாஸ் நிறுவனம் 2019-இல் வெளியிட்ட கட்டானா 50-இன் இரண்டாம் பதிப்பைப் பல மாதங்களாக ஜாஸ் வாசிப்பு ஒன்றுக்காகவே உபயோகித்து வந்திருக்கிறேன். அந்த அனுபவத்தின் பேரில், இந்த அபிப்பிராயத்தைக் கைவிடுவதற்குக் காலம் வந்துவிட்டது என்று சொல்லத் துணிகிறேன். ஆனால் இந்தப் பெட்டியிடமிருந்து ஜாஸ் நாதத்தைப் பெறுவதற்கு, அதில் உள்ள வசதிகளில் பெரும்பாலானவற்றைத் தொடாமலே விட்டுவிடுகிற மன அடக்கம் வேண்டும்.

ஜாஸ் கிதாரின் நாதம் என்று நாம் எதைச் சொல்கிறோம் என்பதை முதலில் நிர்ணயம் செய்துகொள்வது நல்லது. கிப்ஸன் நிறுவனம் 1936-இல் ஈ.எஸ்.-150 என்ற மின்கிதாரை வெளியிட்டபோது, ஆம்ப்பும் இணைப்புக் கம்பியும் சேர்ந்த அதன் விலை ஏறத்தாழ 150 டாலர் என்பதையே அந்தப் பெயரில் உள்ள எண் குறித்தது. சார்லி கிறிஸ்டியன் என்ற இளைஞர் அந்தக் கிதாரை ஏந்திக்கொண்டு 1939-இல் பென்னி குட்மனின் குழுவில் சேர்ந்து, 1942-இல் இருபத்தைந்து வயதிலேயே க்ஷயரோகத்துக்குப் பலியாவதற்குள், வாத்தியக் கூட்டத்தின் பின்வரிசையில் தாளத்துக்குத் துணையாக நின்ற கிதாரை ஸாக்ஸஃபோனுக்குச் சமமாக முன்வரிசைக்குக் கொண்டுவந்துவிட்டார். அக்காலத்து ஸ்பீக்கர்கள் உச்சஸ்தாயியைச் சரிவர ஒலிக்க வல்லவை அல்ல. ஆகவே கூர்மை மழுங்கி, நடுஸ்தாயியில் சதைப்பற்றுடன், சற்றே இருண்டு ஒலித்த ஒரு நாதமே ரசிகர்களின் செவியில் ஜாஸ் கிதாரின் இயல்பாகப் பதிந்துவிட்டது. சாதனத்தின் குறைபாடு சம்பிரதாயமாக நிலைபெற்றதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது. பின்னர் வெஸ் மாண்ட்கோமரி மீட்டுவில்லையை விட்டுவிட்டுக் கட்டைவிரலின் சதையாலேயே தந்தியை மீட்டி, அந்த இருளுக்கு இன்னும் ஒரு மென்மையைச் சேர்த்தார். இரவில் அண்டை வீட்டாருக்குத் தொந்தரவு நேராமல் பயிற்சி செய்ய வேண்டியிருந்ததால்தான் அவர் அவ்வாறு வாசிக்கப் பழகினார் என்று சொல்வார்கள்.

இந்த நாதத்துக்கு வால்வு இன்றியமையாததா என்ற கேள்விக்குச் சரித்திரமே விடை சொல்லியிருக்கிறது. அக்கார்டியன் வித்துவானாகிய டாமி குமினா நிறுவிய பாலிடோன் நிறுவனத்தின் ‘மினி புரூட்’ முற்றிலும் டிரான்ஸிஸ்டராலேயே இயங்கிய சிறு பெட்டி. ஜோ பாஸ், ஜிம் ஹால், ஹெர்ப் எல்லிஸ் போன்ற மேதைகள் அந்தப் பெட்டிகளையே மேடைக்குக் கொண்டுசென்றார்கள். நாதத்தை இருளச் செய்வதற்கென்றே அதில் தனியாக ஒரு நிலை வைத்திருந்தார்கள் என்பது, அந்தப் பெட்டி யாருக்காகச் செய்யப்பட்டது என்பதைத் தெளிவாகக் காட்டுகிறது. ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1975-இல் வெளியிட்ட ‘ஜாஸ் கோரஸ் 120’ என்பதும் டிரான்ஸிஸ்டர் ஆம்ப்தான். பாட் மெதினி இளமையில் உபயோகித்ததும் டிரான்ஸிஸ்டரால் ஆன அக்கௌஸ்டிக் நிறுவனத்தின் 134 என்ற ஆம்ப்பே. வால்வு தன் சக்தியின் எல்லையை நெருங்கும்போது ஒலியைச் சற்று நெரித்து, உடைத்து, இனிய கரகரப்பை உண்டாக்கும். ப்ளூஸ் வாசிப்பவருக்கு அதுவே உயிர்நாடி. ஜாஸ் வாசிப்பவரோ அந்த எல்லைக்கு அருகில் செல்லவே விரும்புவதில்லை. மூன்றாம் ஸ்வரம், ஏழாம் ஸ்வரம், ஒன்பதாம் ஸ்வரம், பதின்மூன்றாம் ஸ்வரம் என்று ஒன்றோடொன்று உரசும் ஸ்வரங்களை ஒரே கணத்தில் சேர்த்து ஒலிக்கும் கார்டுகள் அவருடைய பாஷை. அதில் ஒரு துளி கரகரப்புக் கலந்தாலும் உள்குரல்கள் குழம்பிப்போகும்.

பாஸ் என்பது அதே ரோலண்ட் நிறுவனத்தின் முத்திரைதான் என்பதை இங்கே நினைவில் கொள்வது பொருந்தும். 2016-இல் முதன்முதலாக வந்த கட்டானா வரிசையில் இந்த 50 வாட் பெட்டி பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் ஒன்றை உடையது. கனம் பன்னிரண்டு கிலோவுக்குள் அடங்குவதால் ஒரு கையால் தூக்கிக்கொண்டு மாடி ஏறலாம். கிதாரிலிருந்து வரும் மின்னலையை எண்களாக மாற்றி, பலவகை ஆம்ப்களின் குணத்தைக் கணித முறையில் அதற்கு ஊட்டி, மறுபடியும் மின்னலையாக்கி, சாதாரணமான டிரான்ஸிஸ்டர் சக்திப்பகுதியின் வழியாக ஸ்பீக்கருக்கு அனுப்புவதே இதன் வேலைமுறை. அக்கௌஸ்டிக், கிளீன், கிரஞ்ச், லீட், பிரவுன் என்று ஐந்து குரல்கள் முகப்பில் இருக்கின்றன. பின்மூன்றும் வெவ்வேறு அளவில் கர்ஜிக்கும் குரல்கள். அவற்றைப் பற்றி இங்கே பேச வேண்டிய அவசியமில்லை.

பரிட்சைக்கு நான் எடுத்துக்கொண்டவை இரண்டு கிதார்கள். ஒன்று, வளைந்த மேற்பலகையும் உள்ளீடற்ற உடலும் கொண்டு, கழுத்தருகே ஹம்பக்கர் பிக்கப் பொருத்தி, மேற்பரப்பு மழமழவென்று இருக்கும் ஃப்ளாட்வவுண்ட் தந்திகள் பூட்டியது; மற்றொன்று, ஒற்றைச்சுருள் பிக்கப்புகளுடன் கூடிய கெட்டிப்பலகைக் கிதார். கிளீன் குரலில் முதல் கிதாரை இணைத்து, குமிழ்களையெல்லாம் நடுவில் நிறுத்தி வாசித்தபோது கேட்டது தூய்மையான ஒலிதான், ஆயினும் ஜாஸ் நாதம் அல்ல. மீட்டின் நுனியில் ஒரு பளபளப்பும், மந்தரஸ்தாயியில் ஒரு வீக்கமும் தெரிந்தன. ராக் ரசிகர்களை மனத்தில் வைத்து இழைத்த குரலில் இவை இருப்பது இயற்கையே. கெயின் குமிழைக் கடிகாரமுள் ஒன்பது மணியில் நிற்கும் நிலைக்கு இறக்கி, டிரெபிளையும் அதே அளவுக்குக் குறைத்து, பேஸைப் பத்து மணியில் நிறுத்தி, மிடில் குமிழை மட்டும் ஒன்றரை மணி வரை உயர்த்தியதும், குரல் முழுவதும் மாறிவிட்டது. அதன்பின் கிதாரிலேயே உள்ள டோன் குமிழைப் பாதிக்குச் சற்று மேலே வைத்துக் கட்டைவிரலால் மீட்டினால், பழைய இசைத்தட்டுகளில் நம்மைக் கட்டிப்போட்ட அந்தச் சதைப்பற்றான, முனை உருண்ட நாதம் எதிரே வந்து நிற்கிறது.

இதைவிட எனக்கு அதிக வியப்பளித்தது அக்கௌஸ்டிக் என்ற குரல். மின்வசதி பொருத்திய மரக்கிதாரை இணைப்பதற்காக வைக்கப்பட்ட இது, எந்தப் புகழ்பெற்ற ஆம்ப்பின் சாயலையும் வலிந்து ஏற்றாமல், வந்த ஒலியைப் பெரும்பாலும் வந்தபடியே ஸ்பீக்கரிடம் ஒப்படைக்கிறது. உள்ளீடற்ற கிதாரை இதில் சேர்த்து, டிரெபிளை இன்னும் தாழ்த்தி வாசித்தால், கார்டுகளின் உள்குரல்கள் ஒவ்வொன்றும் தத்தம் இடத்தில் தெளிவாக நிற்கின்றன. கிதாரின் மரம் பேசுவதும், விரல் தந்தியில் நகரும் சிறு ஓசையும்கூடச் செவியில் படுகின்றன. ஜோ பாஸைப் போலத் தனியாக அமர்ந்து, மந்தரத்தில் பேஸ் நடையையும் மேலே ராகப்போக்கையும் ஒருங்கே வாசிக்க விரும்புகிறவர்கள் இந்தக் குரலையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் கருத்து. ஒற்றை ஸ்வரங்களாக வேகமாய் ஓடும் பிபாப் நடைக்கு மட்டும் இது சற்று மெலிந்து ஒலிக்கிறது. அங்கே கிளீன் குரலின் அழுத்தமே உதவுகிறது. கெட்டிப்பலகைக் கிதாருக்கும் கிளீன் குரலே ஏற்றது. டோன் குமிழை ஏறக்குறைய முழுவதும் இறக்கினால், ஹம்பக்கரின் நிறைவு வராவிட்டாலும், வெட்கப்பட வேண்டாத ஒரு ஜாஸ் நாதம் கிடைக்கிறது.

ஒலியின் அளவை நிர்வகிக்கும் விதத்தில் இந்தப் பெட்டியின் விசேஷம் ஒன்று இருக்கிறது. 50 வாட், 25 வாட், அரை வாட் என்று மூன்று நிலைகளில் சக்தியை மாற்றலாம். சுவருக்குச் சுவர் ஒட்டிய அடுக்குமாடி வீடுகளில் வசிக்கிறவர்களுக்கு இந்த அரை வாட் ஒரு வரப்பிரசாதம் என்றே சொல்ல வேண்டும். மாஸ்டர் குமிழைத் தாராளமாகத் திருப்பி, ஸ்பீக்கரின் சுவாசத்தை உணர்ந்தபடியே, அடுத்த அறையில் உறங்குகிறவரை எழுப்பாமல் வாசிக்கலாம். ஆயினும் ஜாஸ் வாசிப்பவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அரை வாட்டில் மாஸ்டரை மிகவும் உயர்த்தினால், அடர்ந்த கார்டுகளில் ஒலி நெரிபடத் தொடங்குகிறது. 25 வாட்டில் வைத்து மாஸ்டரைத் தாழ்த்திக்கொண்டால் அந்த நெரிசல் இல்லை. மேடையில் 50 வாட் நிலையைத் தவிர வேறெதையும் நாட வேண்டாம். கான்ட்ராபேஸும், பிரஷ்ஷால் மென்மையாக வாசிக்கும் டிரம்மும் கூடிய மூவர் குழுவுக்கு அது போதுமானது. குச்சியால் ஓங்கி அடிக்கும் டிரம்மரும் பல ஊதுகருவிகளும் சேர்ந்தால், தூய்மை கெடாமல் மேலே ஒலிப்பது இதனால் இயலாத காரியம்.

உள்ளீடற்ற கிதாருக்குப் பிறவிக்குணமாக உள்ள ஃபீட்பேக் தொல்லையை எந்த ஆம்ப்பும் முழுவதும் தீர்த்துவிட முடியாது. கிதாரின் உடல் இயற்கையாக அதிரும் சுருதி பெரும்பாலும் கீழ்த்தந்திகளில் வருவதால், பேஸ் குமிழை இறக்குவதும், பெட்டியைத் தரையினின்று உயர்த்தி ஒரு நாற்காலியில் வைப்பதும், அதற்கு நேர் எதிரே அமராமல் சற்று விலகி அமர்வதுமே பரிகாரம். நாற்காலியில் வைப்பதால் மற்றொரு நன்மையும் உண்டு. தரையோடு சேர்ந்து வீங்கும் மந்தர ஓசை அடங்கி, நடுஸ்தாயி தெளிவு பெறுகிறது.

பூஸ்டர், மாட், எஃப்எக்ஸ், டிலே, ரிவெர்ப் என்று ஐந்து அலங்காரங்கள் இந்தப் பெட்டிக்குள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் பச்சை, சிவப்பு, மஞ்சள் விளக்குகளால் குறிக்கப்படும் மும்மூன்று வகைகள் வேறு. எந்த நிறம் எந்த வகை என்பதை முகப்பு சொல்வதில்லை. மனப்பாடம் செய்துகொள்ள வேண்டியதுதான். நமக்கு வேண்டியது ரிவெர்ப் ஒன்றே, அதுவும் கேட்பவர் உணராத அளவுக்கு, ஸ்வரத்தைச் சுற்றி ஓர் அறையின் காற்று இருப்பது போல் மட்டும். மெல்லிய கோரஸ் சேர்த்தால் எண்பதுகளில் புகழ்பெற்ற அகன்ற நாதத்தின் சாயல் வரும். அதை விரும்புகிறவர்களைக் குறைசொல்ல மாட்டேன், ஆனால் அது என் செவிக்கு விரைவில் அலுத்துவிடுகிறது.

யூஎஸ்பி கம்பியால் கணினியோடு இணைத்து, டோன் ஸ்டூடியோ என்ற மென்பொருளின் வழியாக உள்ளிருக்கும் நுட்பங்களைத் திருத்தலாம். அங்கே ஜாஸ் வாசிப்பவர் முதலில் தேட வேண்டியது இரைச்சலை அடக்கும் நாய்ஸ் சப்ரெஸர். அது இயங்கிக்கொண்டிருந்தால், மெல்ல ஓய்ந்து மறைய வேண்டிய ஸ்வரத்தின் கார்வையை இரைச்சல் என்று கருதி நடுவிலேயே கத்தரித்துவிடும். கரகரப்பான குரல்களுக்கு அது வேண்டும். பாலட் ஒன்றின் கடைசிக் கார்டு காற்றில் கரையும்போது அதன் வாலை அறுப்பது பொறுக்கத் தக்கதன்று. அதை நிறுத்திவிட்டு, சரிசெய்த குரல்களை நினைவில் பதித்துவைத்துக்கொண்டால், பிறகு கணினியின் துணையே தேவைப்படாது. நினைவில் நான்கு குரல்களைத்தான் பதிக்க முடியும். ஜாஸ் வாசிப்பவருக்கு இரண்டே அதிகம்.

நல்ல வால்வு ஆம்ப்பின் அருகில் இதை வைத்து ஒப்பிட்டால் வித்தியாசம் இல்லை என்று சொல்வது சத்தியமாகாது. மீட்டின் பலத்துக்கேற்ப ஒலி இளகியும் இறுகியும் கொடுக்கும் அந்த உயிர்த்தன்மை, விரலுக்கும் ஸ்பீக்கருக்கும் இடையே நடக்கும் அந்தச் சம்பாஷணை, இதில் ஓரளவுக்கே கிடைக்கிறது. வெகு மெதுவாக வாசிக்கும்போது இந்தக் குறை அதிகம் புலப்படுகிறது. தனிமையில் கூர்ந்து கேட்கும் வாசிப்பவருக்குத் தெரியும் இந்த பேதம், கான்ட்ராபேஸின் நடை தொடங்கிய மறுகணமே சபையில் அமர்ந்திருப்பவருக்கு மறைந்துவிடும். வால்வு ஆம்ப்பின் விலையையும் கனத்தையும், அவ்வப்போது வால்வுகளை மாற்றும் செலவையும் எண்ணிப் பார்த்தால், பயில்கிறவருக்கும் சிறு மேடைகளில் வாசிக்கிறவருக்கும் எது உசிதம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. இதைவிடச் சிறிய, எட்டு அங்குல ஸ்பீக்கர் கொண்ட மாடலிங் பெட்டிகள் இன்னும் மலிவாகக் கிடைக்கின்றன. ஃபெண்டரின் மஸ்டாங் எல்டி25 அத்தகையது. வீட்டுப் பயிற்சிக்கு அவை போதும். ஆறாம் தந்தியில் தொடங்கும் கார்டு நிறைந்து ஒலிக்க வேண்டுமானால் பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கரை விட்டுக்கொடுக்க வேண்டாம் என்றே சொல்வேன்.

கட்டானாவின் மூன்றாம் பதிப்பு 2024-இல் வந்துவிட்டமையால், இரண்டாம் பதிப்பை ஒருவர் கைமாறிய நிலையிலும் நல்ல விலைக்குப் பெறலாம். வாங்கச் செல்கிறவர்கள் கடையில் உள்ள கிதாரை நம்பாமல், தம்முடைய கிதாரையே, தாம் பழகிய தந்திகளோடு எடுத்துச் செல்லட்டும். விற்பவர் காட்டும் கர்ஜனைகளைக் கேட்டுக்கொண்டிராமல் கிளீன் குரலையும் அக்கௌஸ்டிக் குரலையும் மட்டும் கேட்டு, டிரெபிளை இறக்கி, தாம் தினமும் வாசிக்கும் ஒரு பாலட்டை மெதுவாக முழுவதும் வாசித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும்.