படமாக நிற்கும் நூல்: தமிழ் மின்னூலகங்களும் திரைவாசிப்பானும்

தமிழ் மின்னூலகங்களைப் பற்றிய மதிப்பீடுகள் பெரும்பாலும் நூல்களின் எண்ணிக்கையோடு நின்றுவிடுகின்றன. எத்தனை பக்கங்கள் மின்னுருவாயின என்று கேட்கிறோம். அவற்றை யாரால் படிக்க இயலும் என்று கேட்பதில்லை. தமிழ்த் துறைகளில் பார்வையற்ற மாணவர்களும் விரிவுரையாளர்களும் பலர் இருக்கையில், இது ஒதுக்கிவைக்கத்தக்க வினாவன்று.

வருடப்பட்ட நூல் பெரும்பாலும் படக்கோப்பாகவே தளத்தில் ஏற்றப்படுகிறது. திரைவாசிப்பான் எழுத்துக் குறியீடுகளை ஒலியாக மாற்றும் மென்பொருள்; படத்தில் அதற்கு எழுத்தே இல்லை. முந்நூறு பக்க நூலும் அதற்கு வெற்றுத்தாள். 2018இல் வெளியான இணைய உள்ளடக்க அணுகல் நெறிமுறைகளின் 2.1ஆம் பதிப்பு, படத்திற்கு ஈடான எழுத்துவடிவம் வேண்டும் என்பதை மிக அடிப்படையான 'ஏ' நிலையிலேயே வைக்கிறது. பக்கத்தின் மொழியை நிரலில் குறிப்பதும் அந்நிலையினதே. அக்குறிப்பு இல்லாவிடில் தமிழ்ப் பக்கத்தை ஆங்கிலக் குரல் படிக்க முற்படக்கூடும். ஒரு சிறு குறியால் தீரும் குறை இது.

1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் இங்கு ஒப்புநோக்கத்தக்கது. தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து மெய்ப்புப் பார்த்த அதன் பனுவல்கள் ஒருங்குறிக்கு முன் டிஸ்கி குறியேற்றத்தில் அமைந்திருந்தன. கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தவை திரைவாசிப்பானுக்குப் பொருளற்ற குறிகளாகவே இருந்திருக்கும். ஒருங்குறிக்கு மாறியபின் அதே பனுவல்கள் செவிக்கும் எட்டின. தட்டச்சு செய்த எழுத்து என்பதால்தான் அம்மாற்றம் எளிதாயிற்று. படக்கோப்பில் மாற்றுவதற்கு எழுத்தே இல்லை.

எழுத்துணரி மென்பொருள் பிழை செய்யும் என்பது வழக்கமான மறுப்பு. 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முந்தைய அச்சில் உள்ள பழைய ணா, றா, னா, லை வடிவங்களில் அது தடுமாறுவது உண்மையே. பாடபேதம் காணும் ஆய்வாளர் அப்பனுவலை நம்பலாகாது. ஆனால் அவருக்குப் படம் இருக்கிறது. பார்வையற்ற ஆய்வாளர் முன் இருப்பது பிழையுள்ள பனுவலா, திருத்தமான பனுவலா என்ற தெரிவன்று; பனுவல் உண்டா, இல்லையா என்பதே. 'மெய்ப்புப் பார்க்கப்படாதது' என்ற குறிப்போடு எழுத்துவடிவத்தைப் படத்தின் அருகே வைப்பதில் பதிப்பு நேர்மைக்கு இழுக்கில்லை. சொற்றேடலுக்கு அதையே நாடப்போகும் பார்வையுடைய ஆய்வாளரும் அதனால் பயனடைவர்.

பதிப்புரிமையும் தடையாகச் சொல்லப்படுவதுண்டு. 2012ஆம் ஆண்டின் பதிப்புரிமைத் திருத்தச் சட்டம், மாற்றுத்திறனாளிகள் அணுகத்தக்க வடிவில் நூலை ஆக்குவதற்கு இசைவளிக்கிறது. நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களுக்கோ அந்தச் சாக்கும் இல்லை.