அதிதியாக வரும் தெய்வம்

குடும்பத்தார் அனைவரும் கூடத்தில் ஒருங்கே அமர்ந்து, பாட்டிக்கும் பேரனுக்கும் ஒரே சமயத்தில் கண் கலங்கும்படியாகப் பார்க்கத்தக்க நாடகம் தொலைக்காட்சியில் அபூர்வமானது. அதிலும், தெய்வ நம்பிக்கையை ஆதாரமாகக் கொண்டு, முன்பின் அறியாத ஒருவனுக்கு மற்றொருவன் செய்கின்ற உபகாரத்தையே கதைப்பொருளாக வைத்து, உபதேசத்தின் கசப்புத் தட்டாமல் நடத்திச் செல்வது மிகவும் நுட்பமான கலை. அமெரிக்க தேசத்தில் என்.பி.சி. நிறுவனம் 1984 செப்டம்பர் 19ஆம் தேதி தொடங்கி 1989 வரையில் 111 பகுதிகளாக ஒளிபரப்பிய ‘ஹைவே டு ஹெவன்’ என்னும் தொடர் இந்தக் கலையின் லட்சணங்களைப் பெரும்பாலும் பெற்றிருந்தது. மைக்கேல் லாண்டன் என்ற நடிகர் தாமே அதைச் சிருஷ்டித்து, தாமே தலைமைப் பாத்திரத்தை ஏற்று, பெரும்பாலான பகுதிகளைத் தாமே இயக்கினார். பூலோகத்தில் வாழ்ந்து மறைந்தபின், தேவதூதன் என்ற பதவியைச் சம்பாதித்துக்கொள்ளும் பொருட்டு மறுபடியும் பூமிக்கு அனுப்பப்பட்ட ஜோனதன் ஸ்மித் என்பவனும், போலீஸ் உத்தியோகத்தை விட்டு வாழ்க்கையே கசந்துபோயிருந்த மார்க் கோர்டன் என்பவனும் ஒரு மோட்டார் காரில் ஊர் ஊராகச் செல்கிறார்கள். போகிற இடத்தில் கிடைத்த வேலையை ஏற்றுக்கொண்டு, அங்கே துன்பப்படுகிற யாரோ ஒருவருடைய வாழ்வில் நுழைந்து, காரியம் முடிந்ததும் அடுத்த ஊருக்குப் புறப்பட்டுவிடுகிறார்கள். கதை இவ்வளவுதான்.

இதில் நான் பெரிதும் ரசிப்பது அந்தத் தேவதூதனின் எளிமை. அவனுக்குச் சிறகு கிடையாது, சிரசைச் சுற்றி ஒளிவட்டம் கிடையாது. தன்னை அனுப்பிய ஆண்டவனைக்கூட ‘எஜமானர்’ என்று வேலைக்காரன் சொல்வதுபோலத்தான் சொல்லுகிறான். அவனுக்குப் பக்கத்தில் தாடியும் தொப்பியுமாக விக்டர் பிரெஞ்சு நடித்த மார்க் நிற்கிறானே, அவனே அத்தொடரின் உண்மையான சாமர்த்தியம். அற்புதத்தைச் சந்தேகித்து, பிறகு அதிசயித்து, பிறகு அதற்குத் தோள்கொடுக்கிற ஒரு சாமானிய மனிதன் அருகிலிருந்தாலொழிய, பார்க்கிறவர்கள் தேவதூதனை நம்புவதற்கு வழியில்லை. இருவரும் ‘லிட்டில் ஹவுஸ் ஆன் த ப்ரெய்ரி’ என்னும் முந்தைய தொடரில் சேர்ந்து நடித்துப் பழகிய நண்பர்களாதலால், அந்தச் சிநேகம் நடிப்பாகத் தோன்றாமல் தானாகவே முகத்தில் வந்து படிந்திருந்தது. பின்னாளில், 1994 முதல் 2003 வரையில், சி.பி.எஸ். நிறுவனம் ஒளிபரப்பிய ‘டச்டு பை அன் ஏஞ்சல்’ தொடரில் கதையின் உச்சத்தில் தேவதூதி தன் சொரூபத்தை வெளியிடுவாள். அவள் சிரசின் பின்னே பொன்னொளி பரவும். ஒளி வந்த மாத்திரத்தில் நாடகம் ஒரு படி இறங்கிவிடுகிறது என்பது என் அபிப்பிராயம். ஏனெனில், அதுவரையில் மனிதர்களுடைய மனத்துக்குள்ளே நடந்துகொண்டிருந்த காரியம் அதன் பிறகு விளக்கின் காரியமாகிவிடுகிறது.

இந்த இரண்டு தொடர்களிலும் வெளியூரிலிருந்து வருகிறவரே கொடுப்பவராக வருகிறார். மேலுலகத்தின் சக்தி அவர் கைவசம் இருக்கிறபடியால், வீட்டுக்காரர் பெறுகிற ஸ்தானத்திலேயே நின்றுவிடுகிறார். நம் நாட்டுப் புராணக் கதாசிரியர்களோ இந்த ஸ்தானங்களை மாற்றிவைத்தார்கள். நம்மிடத்தில் தெய்வம் பசியோடு வருகிறது; நனைந்துகொண்டு வருகிறது; கந்தையை உடுத்துக்கொண்டு வருகிறது. கொடுக்கவேண்டியவன் கிருகஸ்தன். அவனிடத்தில் ஒன்றும் இல்லாத நாளாகப் பார்த்தே அது வாசலில் வந்து நிற்கிறது. வருகிறவன் யார் என்பது பார்க்கிற நமக்கு ஆரம்பத்திலேயே தெரிந்திருக்கிறது. வீட்டுக்காரனுக்கு மாத்திரம் முடிவு வரையில் தெரிவதில்லை. அவனுக்குத் தெரிந்துவிட்டால் உபசாரம் அனைத்தும் வியாபாரமாகிவிடும் என்பதை நம் பழைய ஆசிரியர்கள் நன்றாக உணர்ந்திருந்தார்கள்.

இவ்வகைக் கதைகளில் சிகரமானது எங்கள் சிவகங்கைச் சீமையைச் சேர்ந்தது என்று சொல்லிக்கொள்ளுவதில் எனக்குள்ள சந்தோஷத்தை மறைக்க விரும்பவில்லை. மாவட்டத்தின் வடபாகத்தில் நாங்கள் இருக்கும் சிங்கம்புணரி, தென்பாகத்தில் இளையான்குடி. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணத்தில் வரும் இளையான்குடி மாற நாயனாரின் சரித்திரம், ஒரே வீடு, ஒரே இரவு, கணவன், மனைவி, விருந்தாளி என்ற அளவுக்குள் அடங்கிய ஒரு பூரணமான குடும்ப நாடகம். சிறுத்தொண்டர், இயற்பகையார் ஆகியோருடைய சரித்திரங்களிலும் சிவபெருமான் அடியார் வேஷத்தில்தான் வருகிறார்; ஆனால் அங்கே அவர் கேட்கிற பொருள் குழந்தைகளை மடியில் வைத்துக்கொண்டு கேட்கத்தக்கதாக இல்லை. மாறனார் வீட்டில் அவர் எதையுமே வாய்திறந்து கேட்கவில்லை. பசித்த முகத்தோடு வந்து நிற்கிறார்.

சந்தர்ப்பம் எவ்வளவு கச்சிதமாக அமைந்திருக்கிறது என்று பாருங்கள். அடியார்களுக்கு அமுதளித்தே பெருஞ்செல்வம் கரைந்து, நிலத்தை விற்று, கடனும் வாங்கி, இனிக் கடன் கொடுப்பாரும் இல்லாத நிலைமை, மழைக்காலம், நள்ளிரவு, அன்று பகலில்தான் மீதியிருந்த விதைநெல்லை வயலில் விதைத்துவிட்டு, கணவனும் மனைவியும் பட்டினியாகப் படுத்திருக்கிறார்கள். அப்போது கதவு தட்டப்படுகிறது. மாறனார் எழுந்து சென்று அழைத்து வந்து, முதலில் அந்த அடியாரின் ஈர மேனியைத் துடைத்து, இருக்க இடம் கொடுக்கிறார். சோற்றுக்கு என்ன வழி என்று யோசிக்கத் தொடங்குவதற்கு முன்பே நனைந்தவரைத் துவட்டுகிறாரே, அந்த வரிசைக் கிரமத்தில்தான் பாத்திரம் உயிர் பெறுகிறது. பட்டினி கிடக்கிறவனுடைய புத்தி முதலில் அடுப்பங்கரைக்குத்தான் ஓடும்; இந்த மனிதனுடைய கைகள் அதற்கு முன்னாலேயே வேறொருவருடைய குளிரைக் கண்டுகொண்டன.

அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் அந்த அம்மையாரின் யோசனை. இது பலராலும் கவனிக்கப்படாத விஷயம். இளையான்குடியாரின் பெருமையைப் பேசுகிறவர்கள் அவருடைய தர்மபத்தினியின் கூர்மையைப் போதிய அளவு பேசுவதில்லை. வீட்டில் ஒன்றுமில்லை, அகாலத்தில் அயலாரிடம் கேட்கவும் முடியாது என்று எடுத்துச் சொல்லி, பகலில் விதைத்த நெல் மழைநீரில் ஒதுங்கி முளைவிட்டுக் கிடக்குமே, அதை வாரிக்கொண்டு வந்தால் சமைத்துத் தரலாம் என்று வழி காட்டுகிறவள் அவளே. அவர் கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, கண்ணுக்கு ஒன்றும் புலப்படாத இருட்டில் காலால் தடவிக்கொண்டே வயலுக்குப் போகிறார். அவர் திரும்பி வரும்வரை அவள் வாசலிலேயே காத்திருந்து, நெல்லை வாங்கிச் சேறு போகக் கழுவுகிறாள். விறகு இல்லை என்கிறாள். அவர் கூரையின் கழிகளை வெட்டிக் கொடுக்கிறார். கயிறு திரிப்பதையே தொழிலாகக் கொண்ட குடும்பங்கள் நிறைந்த எங்கள் ஊரில், கூரை வீட்டில் ஒரு கழியை உருவினால் அதில் கட்டிய கட்டு நெகிழ்ந்து ஓலை எப்படிச் சரியும் என்பதைச் சிறுவர்களுக்குக்கூட விளக்கவேண்டியதில்லை. அந்த மழை இரவில் அவர் வெட்டியது தம் தலைக்கு மேலிருந்த நிழலை. அவள் ஈர நெல்லை வறுத்துக் குத்தி உலையிலிட்டுவிட்டு, கறிக்கு என்ன செய்வது என்கிறாள். அவர் மறுபடியும் இருட்டில் இறங்கி, கொல்லையில் இன்னும் வளராத கீரையைக் கையால் தடவிப் பறித்துவருகிறார். அந்த ஒரே கீரையை அவள் தன் கைப்பக்குவத்தினால் பலவிதமான கறிகளாக ஆக்கிவிடுகிறாள்.

மனைவி ஒரு குறையைச் சொல்லுவதும், கணவன் அதை நிறைப்பதும், உடனே அவள் அடுத்த குறையைச் சொல்லுவதுமாக அமைந்த இந்த லயத்தை எத்தனை தரம் வாசித்தாலும் எனக்குத் திகட்டுவதில்லை. அவள் சொல்லும் ‘இல்லை’ என்ற சொல்லில் சலிப்பில்லை, அடுத்த வேலைக்கான உத்தரவு இருக்கிறது. ஒருவரையொருவர் தேற்றிக்கொள்ளவில்லை, விதியை நொந்துகொள்ளவில்லை, நாளைக்கு என்ன செய்வது என்ற கேள்வி அந்த வீட்டில் எழவேயில்லை. விதைநெல் போனால் அடுத்த போகம் போயிற்று என்பது விவசாயிக்குத் தெரியாத விஷயமா? இவ்வளவு காரியமும் நடக்கும்போது கதைக்குக் காரணமானவர் உள்ளே துயில்பவர்போல் கிடக்கிறார். நாடகத்தின் மையத்திலுள்ள பாத்திரத்துக்குப் பேச்சும் இல்லை, அசைவும் இல்லை என்று அமைப்பதற்கு ஆசிரியனுக்கு அசாத்தியத் துணிச்சல் வேண்டும்.

முடிவில் அமுது செய்ய எழுந்தருளவேண்டும் என்று மாறனார் அவரை எழுப்பும்போது, அவர் சோதியாக எழுந்துவிடுகிறார். சமைத்த சோறு உண்ணப்படுவதேயில்லை. பைபிளில் மம்ரே என்னுமிடத்துக் கருவாலி மரங்களின் கீழே ஆபிரகாம் மூன்று அந்நியர்களை ஓடிச்சென்று வரவேற்று விருந்திட, சாராள் மாவு பிசைகிறாள். அங்கே விருந்தினர் உண்கிறார்கள். குர்ஆனில் அதே இப்ராஹீம் நபி வாட்டிய கன்றைக் கொண்டுவந்து வைக்கும்போது, விருந்தினரின் கைகள் அதன்பால் நீளாததைக் கண்டு அவர் அஞ்சுகிறார். இஸ்லாமியப் பெருமக்கள் மிகுதியாக வாழும் இன்றைய இளையான்குடியில், இந்த இரண்டு உண்ணா விருந்துகளின் கதைகளும் ஒரே ஊரில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டு வருகின்றன என்பதை நினைக்கும்தோறும் என் மனம் நெகிழ்கிறது.

கதையின் சிறப்பு இப்படி. அதை நடித்துக் காட்டும் கலையோ எங்கள் பக்கத்தில் வேறொரு வடிவத்தில் உயிரோடிருக்கிறது. மதுரை, காரைக்குடி, புதுக்கோட்டை வட்டாரக் கிராமத் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கும் ஸ்பெஷல் நாடகத்தில், வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்த நடிகர்கள் ஒத்திகையே இல்லாமல் அன்று மாலையில் ஒன்றுகூடி, சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வகுத்துக்கொடுத்த பாடத்தை நம்பி மேடையேறுகிறார்கள். ‘வள்ளி திருமண’த்தில் ராஜபார்ட் நடிகர் முருகனாகப் பாடிய சற்று நேரத்துக்கெல்லாம் கிழவராகக் கூன் போட்டுக்கொண்டு வந்து, தினைமாவும் தண்ணீரும் கேட்கும் கட்டத்தைப் பாருங்கள். தேர்ந்த நடிகரானால், கிழவரின் நடுக்கத்துக்குள்ளே இளைஞனின் குறும்பை ஒரு கணம் கண்ணில் காட்டிவிட்டு மறைத்துக்கொள்வார். ஸ்திரீபார்ட் அதைக் காணாதவளாகவே தர்க்கத்தைத் தொடர்வாள். வேஷத்தின் உள்ளே வேஷம் என்கிற இந்த வித்தை எங்கள் கிராமத்து ரசிகர்களுக்கு நன்றாகத் தெரியும். நடிகர் அதைச் சரியாகச் செய்த இடத்தில் கூட்டத்திலிருந்து எழுகிற ஆமோதிப்பைக் கேட்டவர்கள் அதை மறக்கமாட்டார்கள்.

நாடக மேடையின் இந்தப் பயிற்சியைத் திரைக்குக் கொண்டுவந்தவர் ஏ.பி. நாகராஜன். டி.கே.எஸ். சகோதரர்களின் கம்பெனியில் வளர்ந்த அவர் 1967இல் எடுத்த ‘திருவருட்செல்வர்’ படத்தில், சிவாஜி கணேசன் அரசராகவும் சேக்கிழாராகவும் அப்பராகவும் தோன்றுவதோடு, சலவைத் தொழிலாளியான திருக்குறிப்புத் தொண்டராகவும் தோன்றுகிறார். அடியார்களின் துணியை வெளுத்துத் தருவதையே தொண்டாகக் கொண்ட அவரிடம், அழுக்குக் கந்தையோடு ஒரு முதியவர் வருகிறார்; பொழுது சாயுமுன் உலர்த்தித் தருவதாக வாக்குக் கொடுத்த பிறகு மழை பிடித்துக்கொள்கிறது. இங்கும் மழைதான் சோதனை. பண்டிகை நாட்களில் தொலைக்காட்சியில் இப்படம் வரும்போதெல்லாம் நான் அந்தப் பகுதிக்காகக் காத்திருப்பேன். ஆயினும், நாகராஜனுடைய அலங்கார ஸெட்டுகளின் பிரகாசத்தில் ஏழையின் வீடுகூடச் சற்றுச் செழிப்பாகவே தெரிகிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

1987 ஜனவரியில் ராமானந்த் சாகரின் ‘ராமாயணம்’ தூர்தர்ஷனில் தொடங்கிய நாள் முதலாகத் தொலைக்காட்சிப் புராணத் தொடர்கள் மின்னலையும் புகையையும் நம்பியே வளர்ந்துவிட்டன. தெய்வம் தோன்றுவதைக் காட்டும் உற்சாகத்தில், தெய்வம் மறைந்து நிற்பதைக் காட்டும் கலையை அவை கற்றுக்கொள்ளவில்லை. மாறனாரின் சரித்திரத்தைத் தொலைக்காட்சியில் ஒரு மணி நேர நாடகமாக எடுக்கிறவர்களுக்குப் பெருஞ்செலவு ஒன்றும் இல்லை. ஒரு கூரை வீடும், ஓர் அடுப்பும், நிற்காத மழைச் சத்தமும் போதும். சேற்றைக் கழுவுகிற கையை, இருட்டில் கீரையைத் தடவுகிற விரலை, பெரிய மேடையில் பின்வரிசைக்காரர் காண இயலாது. தொலைக்காட்சியின் காமிரா அதை வீட்டுக் கூடத்துக்குள்ளேயே கொண்டுவந்து வைத்துவிடும். சோதியைக் காட்டாமல், அதைக் கண்ட கணவன் மனைவியின் முகத்தை மாத்திரம் காட்டினால் போதும். அம்மையாரின் பாத்திரத்துக்கு, சினிமா நடிகையைத் தேடாமல், எங்கள் ஜில்லாவின் ஸ்பெஷல் நாடக மேடைகளில் பல வருஷம் சந்திரமதியாக நடித்துப் பழுத்த ஒரு ஸ்திரீபார்ட் நடிகையை அழைக்கவேண்டும்; வறுமையைப் பாட்டில்லாமல் நடிக்கச் சொன்னாலும் அவரால் முடியும். ஆவணி மாதம் மக நட்சத்திரத்தில் மாறனாருக்குக் குருபூசை நடக்கிறது. அந்த இரவிலேயே அதை ஒளிபரப்ப எந்த நிலையத்தாராவது முன்வந்தால், எங்கள் ஊரில் அன்று ஒரு வீட்டிலும் சீக்கிரம் விளக்கணைக்கமாட்டார்கள் என்று நான் உறுதி கூறுவேன்.